மூன்றாமவர்

உளுந்தூர்ப்பேட்டையில் ஒருவர் டெபாசிட் இழந்ததைப் பற்றி ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்டார். கவிஞர், இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர். அவர் கேட்ட தொனியில் கேள்வியைவிடப் பதில்தான் அதிகம் இருந்தது. ஜனரஞ்சக சினிமா நடிகர், அவருடைய கட்சி, அவருடைய தோல்வி, இவற்றுக்கெல்லாம் வாரப் பத்திரிகைகள் இருக்கின்றன, நமக்கு வேறு வேலை இருக்கிறது என்பது அதன் உட்பொருள். இந்த 'நமக்கு வேறு வேலை' என்கிற மனோபாவத்தைத்தான் நான் இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன். விஜயகாந்தை மீட்டெடுப்பதோ சிலை வைப்பதோ என் உத்தேசம் இல்லை. அவரை வாசிப்பதில் நாம் எங்கே தவறினோம் என்று பார்ப்பதுதான். நாம் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் விஷயம். 2016 மே மாதச் சட்டசபைத் தேர்தலில் உளுந்தூர்ப்பேட்டைத் தொகுதியில் அ.தி.மு.க.வின் குமரகுரு வென்றார். தி.மு.க. வேட்பாளர் நாலாயிரம் ஓட்டுச் சொச்சத்தில் தோற்றார். மூன்றாவதாக வந்தவர் விஜயகாந்த். முப்பத்து நாலாயிரம் ஓட்டுச் சொச்சம். செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவரின் காப்புத் தொகை அரசாங்கத்துக்குப் போய்விடும் என்பது சட்டம். ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது, போய்விட்டது. மக்கள் நலக் கூட்டணியும் தே.மு.தி.க.வும் த.மா.கா.வும் சேர்ந்த அணியின் முதலமைச்சர் வேட்பாளர் அவர். அதே அணியில் காட்டுமன்னார்கோயிலில் நின்ற திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். அணி முழுவதற்கும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் டெபாசிட், மறுபக்கம் 87 ஓட்டு. தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன: காமெடி.

இந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பிரச்சனை.

மூன்றாவது வேட்பாளர் என்பவரைத் தமிழ்க் கற்பனை எப்படி உருவகித்திருக்கிறது என்று தேடிப் பார்த்தால் ஆச்சரியமான வறுமை தென்படுகிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் புத்தகமாக வந்தது. நகரசபைத் தேர்தலில் தாமுவும் காதரும் மோதிக்கொள்ள, ஊடே மூன்றாவதாக ஒருவர் நிறுத்தப்படுகிறார்: கடலைத் தாத்தா. கடலை விற்கிற கிழவர். சு.ரா. அவரை வரையும்போது அவருடைய பரிகாசம் முழுவதும் மற்ற இருவர் மீதும் அவர்களைச் சுற்றி நிற்கும் ஊர் மீதும் பாய்கிறது; கிழவரின் மேல் ஒரு துளிகூட விழாமல் காப்பாற்றிவிடுகிறார். கலைரீதியாக இது வெற்றிதான். ஆனால் கிழவருக்கு அபிப்பிராயம் என்று ஒன்று உண்டா? நகரசபைக்குப் போனால் அந்த மரத்தை என்ன செய்வார்? நாவலுக்கு இந்தக் கேள்விகள் முக்கியமில்லை. மூன்றாமவர் அங்கே ஒரு கண்ணாடி. இரண்டு பேரின் அசிங்கமும் அதில் தெரிகிறது. கண்ணாடிக்கு முகம் கிடையாது.

இன்னொரு உருவம் 1994-ல் வந்த மணிவண்ணனின் 'அமைதிப்படை'. அமாவாசை என்பவனைக் கைப்பாவையாகச் சுயேச்சையாக நிறுத்துகிறார் ஒரு தலைவர். ஓட்டு எண்ணிக்கை ஏற ஏற அவன் உட்கார்ந்திருக்கும் நிலை மாறிக்கொண்டே போகிறது. தமிழ் சினிமாவில் அதிகாரம் என்பதைப் பேச்சின் துணையில்லாமல் உடம்பால் மட்டுமே காட்டிய மிகச் சில காட்சிகளில் அது ஒன்று. நம்மவர்கள் உலக சினிமாவின் பட்டியலை மனப்பாடம் செய்வதில் செலவிடும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் இங்கேயும் மூன்றாமவர் மூன்றாமவராக இருக்க முடியாது. ஒன்று அவர் பாவை, அல்லது பாவையை ஆட்டுகிறவரை விழுங்கிவிடும் பூதம். 2021-ல் வந்த 'மண்டேலா'வுக்கு வந்தால் மூன்றாவது வேட்பாளரே இல்லை. இரண்டு பேருக்கு நடுவே ஒரு மூன்றாவது ஓட்டு இருக்கிறது. சவரத் தொழிலாளி ஒருவனின் ஓட்டு. அது யாருக்கு என்பதுதான் கதை. அவனே நின்றால் என்ன என்ற யோசனை அந்த ஊரில் யாருக்கும் வருவதில்லை. ரசிகர்களாகிய நமக்கும் தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்பாவி, பாவை, இவற்றுக்கு அப்பால் பத்திரிகைகளின் மொழியில் மூன்றாவதாக ஒரு வார்த்தை: ஓட்டைப் பிரிப்பவர். யாருடைய ஓட்டை? ஓட்டு என்பது ஏற்கனவே இரண்டு பேருக்குச் சொந்தமான ஆஸ்தி, மூன்றாமவர் அதில் பங்கு கேட்டு வந்த தாயாதி என்பது இந்த வார்த்தையின் அடியில் கிடக்கும் நம்பிக்கை. 2016 மார்ச்சில் தே.மு.தி.க.வின் முடிவுக்காக எல்லோரும் காத்திருந்தபோது, பழம் நழுவிப் பாலில் விழும் என்ற பொருளில் கருணாநிதி பேசினார். அழகான வழக்கு, நம் பாட்டிமார்கள் சொல்வது. பழம் கனியும், நழுவும், விழும். எங்காவது ஒரு பழம் எனக்குப் பால் வேண்டாம் என்று சொன்னதாக வழக்கு உண்டா? மொழியிலேயே அந்த இடம் அடைபட்டிருக்கிறது. இது கருணாநிதியின் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. ஆட்சியில் ஒருவர், எதிரே ஒருவர் என்று அரைநூற்றாண்டாக எண்ணிப் பழகிய ஒரு சமூகத்தின் இலக்கணம் அது. நம் இலக்கணத்தில் இருமை என்ற எண் கிடையாது, ஒருமையும் பன்மையும்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அரசியலில் இருமையைத் தவிர வேறு எண் இல்லை.

இந்தப் பின்னணியில் 2006-ஐப் பார்க்க வேண்டும். தே.மு.தி.க. 2005 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பமாயிற்று. எட்டு மாதம் கழித்துத் தேர்தல். ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்று எட்டு சதவிகிதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி, ஒரே ஓர் இடத்தில் வென்றது. அந்த இடம் விருத்தாசலம். (புதுமைப்பித்தனின் இயற்பெயர் என்பதைத் தவிர நம் வட்டத்தில் பலருக்கு அந்த ஊருடன் வேறு சம்பந்தம் இருந்திருக்காது.) அது பா.ம.க.வின் கையிலிருந்த தொகுதி. வடமாவட்டங்களில் எந்த ஊரில் எந்த சாதி எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் வேட்பாளர் நிறுத்துவார்கள். விஜயகாந்த் மதுரைக்காரர், அந்த வட்டாரத்தில் எண்ணிக்கையில் பலமுள்ள எந்த சாதியும் அவருடைய சாதி இல்லை. கூட்டணி இல்லை. மக்களோடும் தெய்வத்தோடும்தான் கூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஜெயித்தார்.

எனக்கு அப்போது ஓட்டுப் போடும் வயது வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் முடிவு கேட்டு நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கிறது. சந்தோஷமா அதிர்ச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முகபாவம். நடக்காது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த ஒன்று பக்கத்து ஊரில் நடந்துவிட்டது. அந்தத் தேர்தலில் தி.மு.க. 96 இடங்களோடு, தனிப் பெரும்பான்மை இல்லாமல் ஆட்சி அமைத்தது. தமிழ்நாட்டில் அதுவரை கண்டிராத நிலைமை. ஆனால் பத்திரிகைகள் எழுதியது என்ன? எத்தனை தொகுதியில் யாருடைய வெற்றியைத் தே.மு.தி.க. கெடுத்தது என்ற கணக்கு. எட்டு சதவிகிதம் பேர் எதையோ சொல்ல முயன்றிருக்கிறார்கள், அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. சிறுபத்திரிகைகளும் கேட்கவில்லை. அதே 2006-ல் காட்டுமன்னார்கோயிலில் 'நிறப்பிரிகை'யின் ரவிக்குமார் விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் ஜெயித்தார். சிறுபத்திரிகைக்காரர், வங்கியில் வேலை பார்த்தவர். அதைப் பற்றிப் பேசினோம், பேச வேண்டியதுதான். விருத்தாசலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

2011-ல் அவர் ரிஷிவந்தியத்தில் நின்றார். இந்தத் தடவை அ.தி.மு.க. கூட்டணி. ஜெயித்தார், 29 பேருடன் சட்டசபைக்குப் போனார், எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2012 பிப்ரவரியிலேயே சபைக்குள் ஜெயலலிதாவுடன் மோதல். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 2016 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போயிற்று. பிறகு உளுந்தூர்ப்பேட்டை. விருத்தாசலம், ரிஷிவந்தியம், உளுந்தூர்ப்பேட்டை மூன்றும் ஒரே வட்டாரம். பின்னிரண்டும் 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. 2009 பாராளுமன்றத் தேர்தலில் இதே கள்ளக்குறிச்சித் தொகுதியில் அவருடைய மைத்துனர் சுதீஷ் தனித்து நின்று மூன்றாவதாக வந்தபோது ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்திருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒருவரை இந்தப் பக்கத்துக்காரர்கள் பத்து வருஷம் வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். ஏன் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு 'சினிமா மோகம்' என்ற பதில் போதாது. சினிமா மோகம் என்றால் அவருடைய சொந்த ஊர்ப் பக்கமே அவரைத் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

என் உத்தேசமான பதில் ஒன்று உண்டு. அது அவருடைய பேச்சைப் பற்றியது. இங்கேதான் நம்முடைய தவறும் இருக்கிறது.

தமிழ் நவீனத்துவம் எதற்கு எதிராகத் தன்னை வரையறுத்துக்கொண்டது? 1959-ல் செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்த காலத்திலிருந்து நம் மூதாதைகள் திரும்பத் திரும்பச் சண்டை போட்டது மேடைத் தமிழுடன். அடுக்குமொழி, எதுகை மோனை, கைதட்டலுக்காக நிறுத்தும் நிறுத்தம். மொழி அனுபவத்தைக் கொண்டுவருவதற்குப் பதிலாக அனுபவத்தின் மேல் ஜரிகைத் துணி போர்த்திவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. வெங்கட் சாமிநாதன் ஓர் ஆயுள் முழுவதும் எழுதினார். நாமெல்லாம் அதைப் படித்து வளர்ந்தவர்கள். பேச்சாளர்கள் ஆண்ட நாட்டில் பேசத் தெரியாத ஒருவர் மேடை ஏறினால், தர்க்கப்படி, முதலில் காது கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சினிமாவில் அவர் பேசத் தெரியாதவர் இல்லை. 'புலன் விசாரணை'யிலும் 1991-ல் வந்த நூறாவது படமான 'கேப்டன் பிரபாக'ரனிலும் லியாகத் அலிகான் எழுதிய நீண்ட வசனங்களை மூச்சுவிடாமல் கொட்டியவர். 2002-ல் 'ரமணா'வில் புள்ளிவிவரங்களை ஒப்பித்தே ஒரு கதாநாயகனை நிறுவிவிட்டார். ஆனால் தேர்தல் மேடையில் இதெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அதன் பாதியில் இன்னொன்றுக்குத் தாவுவார். சொல் கிடைக்காமல் தடுமாறுவார். கூட்டத்தில் சத்தம் போடுகிறவனைப் பார்த்து அதட்டுவார், பிறகு சிரிப்பார். இந்தப் பக்கத்துக் கரும்பு விவசாயி மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் வண்டியோடு நின்றுகொண்டு பேசுகிற பேச்சு அப்படித்தான் இருக்கும். நினைத்ததைச் சொல்ல முடியாத ஆத்திரம், அதனால் குரல் உயர்வது, முடிக்காமல் விட்டுவிடுவது. தன்னுடைய தடுமாற்றத்தை முதல் தடவையாக ஒலிபெருக்கியில் கேட்ட ஜனங்கள், அதற்காகவும் ஓட்டுப் போட்டார்கள் என்று நினைக்கிறேன். ருசுப்படுத்த முடியாது. இலக்கிய விமர்சனத்தில் நாம் சொல்கிற எதைத்தான் ருசுப்படுத்த முடிகிறது?

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். 2014-க்குப் பிறகு அவருடைய உடல்நிலை கெட்டு, நாக்குக் குழறத் தொடங்கிய காலத்தில் அந்தக் குழறலை வெட்டி ஒட்டிச் செல்போனில் அனுப்பிக்கொண்டார்கள். அடுக்குமொழியைக் கண்டித்துக் கட்டுரை எழுதிய நண்பர்கள் அனுப்பியது எனக்கும் வந்தது. நான் வேறு இரண்டு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒன்று, மனசில் உறுத்திக்கொண்டே இருப்பது, உளுந்தூர்ப்பேட்டைப் பிரசார சமயத்தில் நான் அனுப்பியது. சரளமாகப் பேசுகிறவரே ஆளத் தகுந்தவர் என்ற மதிப்பீட்டைத் திராவிட மேடையைவிட நாம் அதிகமாக நம்பியிருக்கிறோம் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. 2023 டிசம்பர் 28-ல் அவர் இறந்தபோது அதே செல்போன்களில் கண்ணீர் அஞ்சலி வந்தது. சாப்பாடு போட்டவர், நல்ல மனுஷர். மறுபடியும் கடலைத் தாத்தா. உயிரோடு இருந்தபோது கோமாளி, இறந்த பிறகு அப்பாவி. நடுவே இருந்த அரசியல் மனிதரை இரண்டு தடவையும் தாண்டிப் போய்விட்டோம்.

உடனே நண்பர் கேட்கிறார்: அப்படியானால் அந்தத் தடுமாற்றத்துக்குள் சிந்தனை இருந்ததா? நியாயமான கேள்வி. இல்லை என்றே சொல்ல வேண்டும், அல்லது மிகக் குறைவு. கட்சியின் பெயரைப் பாருங்கள். தேசியம், முற்போக்கு, திராவிடம். ஒன்றோடொன்று ஐம்பது வருஷம் சண்டை போட்ட மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதுகூட இல்லை. எதை எதிர்க்கிறோம் என்பது தெரிந்தது, லஞ்சம், குடும்ப ஆட்சி. அதற்கு மாற்றாக என்ன என்று வந்தால் கதாநாயகன் வந்து நேராக்கிவிடுவான் என்ற சினிமாத் தர்க்கத்துக்குத்தான் திரும்பினார். குடும்ப ஆட்சியைத் திட்டியவர் கட்சியில் மனைவியும் மைத்துனரும். 2015 டிசம்பரில் கேள்வி கேட்ட செய்தியாளர்களைப் பார்த்து 'தூ' என்றது சொல் கிடைக்காத மனிதனின் ஆத்திரம் என்று நான் வியாக்கியானம் செய்யலாம். ஆனால் அந்தத் துப்பலை வாங்கிக்கொண்ட நிருபரிடம் போய் இந்த வியாக்கியானத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அலங்காரத்தைக் கழித்துவிட்டால் அனுபவம் தானாக வந்துவிடாது. யாப்பைக் கைவிட்டுவிட்டு அந்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லாமல் புதுக்கவிதை எழுதிக் குவித்தவர்களை நமக்குத் தெரியும். அதே வியாதி.

இருந்தாலும் ஒன்று. 2006-ல் அவர் சொன்ன வாக்குறுதிகளில், ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பேன் என்பது ஒன்று. எத்தனை சிரிப்பு அதற்கு. 2025 ஆகஸ்டில் தமிழக அரசு எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதையே 'தாயுமானவர்' என்ற பெயரில் திட்டமாக ஆரம்பித்தது. நல்ல பெயர், பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாமவரின் உளறல் பத்தொன்பது வருஷம் கழித்து முதலாமவரின் திட்டமாகும்போது அதற்கு மொழி கிடைத்துவிடுகிறது. இலக்கியத்திலும் இப்படித்தான். சிறுபத்திரிகையில் இருபது பேர் படித்துச் சிரித்த வடிவம் பிறகு வாரப் பத்திரிகையின் தொடர்கதைக்குள் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே அதைக் கண்டால் களவு என்று கூச்சல் போடுவோம். இங்கே கவனிக்கக்கூட இல்லை.

டெபாசிட் என்ற சொல்லோடு எனக்குத் தொழில்ரீதியான பழக்கம் உண்டு. நாங்கள் வாங்கும் டெபாசிட்டுக்கு வட்டி உண்டு, முதிர்வுத் தேதி உண்டு. தேர்தல் ஆணையம் வாங்குவதற்கு வட்டி கிடையாது. ஆறில் ஒரு பங்கு கிடைத்தால் அசல் திரும்பும், அவ்வளவுதான். இந்தத் தொகைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1996-ல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுச் செய்தார்கள். மொத்த வேட்பாளர்கள் 1,033. வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியதாயிற்று, தேர்தலையே தள்ளிப்போட்டார்கள். அதுவரை சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்த காப்புத் தொகை அதே வருஷம் 5,000 ஆயிற்று, பிறகு 10,000. மூன்றாமவர்கள் எல்லோரும் ஒரேயடியாக வந்து நின்றால் என்ன ஆகும் என்று மொடக்குறிச்சி காட்டியது. இனி அவ்வளவு சுலபமாக வர முடியாது என்று சட்டம் பதில் சொன்னது. எந்தச் சோதனை நாவலைவிடவும் அந்த வாக்குச்சீட்டுப் புத்தகம் எனக்குப் பெரிய சோதனையாகப் படுகிறது. ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள், ஒருவரும் கதாநாயகர் இல்லை. நம் விமர்சகர்கள் யாராவது அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

1996 என்ற வருஷத்தைச் சொல்லும்போது மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று ஜாகீர்களின் கீழ் இருந்த பூமி. நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்த வருஷத்தின் விசேஷத்தையும் கவனிக்க வேண்டும்: நாடு முழுவதும் நெருக்கடி நிலை, தமிழ்நாட்டில் ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டு சட்டசபையே கிடையாது. மற்றவர்களிடமிருந்து உரிமைகள் பறிக்கப்பட்டிருந்த நேரத்தில் இவர்கள் குடிமக்கள் ஆனார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்த பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் மலைவாசிகளின் நிலைமையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. அங்கே பேசப்பட்டபோதுதான் வெளியில் பலருக்கும் தெரிந்தது, மலை மக்கள் ஓட்டுப் போட ஆரம்பித்ததே 1996-ல் என்று. மொடக்குறிச்சியில் வாக்குச்சீட்டு புத்தகமான அதே வருஷம்.

ஒரு முதியவர் முதியோர் பென்ஷன் விஷயமாக எங்கள் கவுண்டருக்கு வருவார். கடுக்காய் பொறுக்கி விற்றவர், மரவள்ளி போட்டவர். கூட்டமில்லாத ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். "அப்பல்லாம் ஜாகீருதான் சார், அவங்க சொன்னதுதான்" என்றார். ஓட்டு என்று கேட்டேன். "அது எங்க பசங்க தலையெடுத்தப்புறம் வந்தது." முதலில் யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "யாரு வந்தாங்களோ அவங்களுக்கு" என்றார், சலிப்பில்லாமல்.

நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் இந்த வார்த்தை கலைத்துவிடுகிறது. இரண்டு பேரைத் தவிர மூன்றாவதை எண்ணத் தெரியாத சமூகம் என்று சமவெளியைக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தேன். மலையில் நெடுங்காலம் எண்ணே ஒன்றுதான். இரண்டாவது என்பதே 1996-ல் வந்து சேர்ந்த புதுச் சரக்கு. அங்கே போய் நான் மூன்றாமவரின் அர்த்தத்தைப் பற்றி என்ன பேசுவது? யார் வந்தார்களோ அவர்களுக்கு என்ற வாக்கியத்தில் முதல், இரண்டு, மூன்று என்ற வரிசை கிடையாது. வந்தவர், வராதவர் என்ற பேதம் மட்டும்தான்.

2021 ஏப்ரல் 6-ல் வங்கிக்காரர்கள் சிலரை வாக்குச்சாவடிகளுக்கு நுண் பார்வையாளர்களாகப் போட்டார்கள். எனக்கு வந்தது சங்கராபுரம் தொகுதியில், மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். யந்திரத்தில் பெயர்கள் வரும் ஒழுங்கு சுவாரஸ்யமானது. அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பிறகு பதிவு மட்டும் பெற்றவை, கடைசியில் சுயேச்சைகள், ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் அகரவரிசை. நம் இலக்கியத் தொகுப்பாசிரியர்கள் செய்வதை ஆணையம் ஒளிவுமறைவில்லாமல் செய்கிறது. ஓட்டுப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மாதிரி ஓட்டு. குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் விழ வேண்டும். இரண்டு பெரிய கூட்டணிகளின் ஏஜெண்டுகள் மட்டும் வந்திருந்தார்கள், ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு. மற்றப் பெயர்களுக்கு ஆள் இல்லை; அவர்களுக்காகச் சாவடி ஊழியர்களே பொத்தானை அழுத்தினார்கள். எண்ணிப் பார்த்தபோது எல்லோருக்கும் ஏறத்தாழ சமமாக இருந்தது. பிறகு விதிப்படி அழித்தார்கள். என் படிவத்தில் ஏஜெண்டுகள் வந்திருந்தார்களா என்ற கேள்விக்கு எதிரே, வந்தவர்கள் இன்னார் என்று எழுதினேன்.

வெளியே வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. பெண்கள்தான் முன்னால். ஒரு கிழவி உள்ளே வந்து மை வைத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் சத்தமே வரவில்லை. சாவடித் தலைவர் பொறுமையிழந்து, "பாட்டி, அமுக்குங்க" என்றார். "இரு சாமி, படிச்சுப் பாக்கறேன்" என்று பதில் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அட்டையில் இருந்த படங்களைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் பார்த்தாள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு பெயரை இவ்வளவு நேரம் எடுத்து நான் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். கடைசியில் யந்திரம் கூவியதா என்று கேட்டார். கூவியது என்றேன். அந்தச் சாவடியில் யாருக்கு அதிகம் விழுந்தது என்று கேட்டார். எண்ணிக்கைக்குப் பிறகு அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நான் விசாரிக்கவில்லை.